கூட்டத்துக்குள் குடித்தனம்

சர்க்கரை வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தினமும் காலையில் வேங்கிக்கால் பக்கத்து மைதானத்தில் நானும் இவரும் நடக்கிறோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர். மைதானத்தில் எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவார்கள். அப்படிச் சுற்றச் சொல்லி யாரும் போர்டு வைக்கவில்லை. திருவண்ணாமலைக்காரர்களுக்கு எதைச் சுற்றினாலும் வலமாகத்தான் சுற்ற வரும். போன வாரம் ஒரு ஆள் எதிர்ப்பக்கமாக வந்தார். கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று. என் வலது கை என்னைக் கேட்காமலே இடுப்புக்குப் போய்விட்டது. இடுப்பில் மாத்திரை அட்டையும் வீட்டுச் சாவியும்தான் இருந்தன. துண்டுக்குள் இருந்தது குடை. அவர் பாட்டுக்கு "குட் மார்னிங்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னும் போவலயா உனக்கு?" என்று கேட்டார் இவர். போகவில்லைதான். உங்களிடம் சொன்னாலாவது கொஞ்சம் போகிறதா பார்க்கிறேன்.

இவரை நான் முதலில் பார்த்தது செங்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். தொண்ணூறுகளின் தொடக்கம். ரிப்பன் மையும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை எங்கேயாவது வந்தால் இந்த வயசிலும் எனக்கு வெட்கம் வருகிறது. பக்கத்து மெஷினில் இவர் ஹையர் அடித்துக்கொண்டிருப்பார், நான் லோயர். பத்து விரலும் பார்க்காமல் ஓடும். அந்த விரல்களைப் பார்த்துத்தான் விழுந்தேன் என்று பிற்பாடு சொன்னபோது, மூஞ்சியைப் பார்த்து இல்லையா என்று வருத்தப்பட்டார். இவரும் எங்கள் ஊர்தான், ஆனால் வேறு தெரு. வேறு தெரு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்த அன்று அப்பா மாடு கட்டும் கயிற்றை எடுத்தார். முதுகில் விழுந்ததெல்லாம் ஆறிவிட்டது. தோளில் ஒரு தடம் மட்டும் இன்னும் இருக்கிறது. ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது டெய்லரம்மா கேட்டால் மாடு முட்டியது என்பேன். எங்கள் வீட்டில் எல்லாக் காயத்துக்கும் மாடுதான் பொறுப்பு. அண்ணன் ஏழுமலை அடிக்கவில்லை. எனக்கு ஒரே அண்ணன், என்னைவிட ஆறேழு வயசு பெரியவன், என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். என் துணிகளையெல்லாம் வாரிக் களத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். "இனிமே எத கட்டிக்கினு வெளிய போவ?" என்று கேட்டான். கட்டியிருந்த புடவையோடு மறுநாளே போனேன்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். இவருக்கு அப்போதுதான் வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் அறையைப் பிடித்தோம். மூன்றாம் வாரமே அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் இவருடைய சைக்கிள் நின்றிருந்தது. கொடுவாளோடு வந்தவனின் முதல் வெட்டு சைக்கிள் சீட்டில். பஞ்சு வெளியே வந்தது. இரண்டாவது தண்ணீர்ப் பானையில். மூன்றாவது கதவில் இறங்கி அங்கேயே மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்குவதற்குள் வீட்டுக்காரம்மாவும், எதிர் வீட்டு ஆட்களும், யோகா கற்றுக்கொள்ள வந்து மாடியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மாவும் கூடிவிட்டார்கள். அண்ணன் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"சுத்தி ஆளுங்க இருக்கவும் உசுரோட உட்டுட்டுப் போறேன். தனியா மாட்டுனீங்க, ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுட்டுத்தான் போவேன்."

அவன் சொன்னால் செய்வான். சின்ன வயசில் எங்கள் ஆட்டைக் கடித்த நாயை நாள் முழுக்கத் தேடிப் போய்க் கொன்றுவிட்டு வந்து சாப்பிட்டவன். நான் அன்று நடுங்கியது பானை உடைந்ததற்காக அல்ல, அவன் கத்தாமல் பேசியதற்காக.

இவர் அந்தப் பேச்சிலிருந்து ஒரு தத்துவத்தையே கண்டுபிடித்துவிட்டார். தனியாக மாட்டினால்தானே வெட்டுவான்? தனியாகவே இருக்காவிட்டால்? புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் ஆள் இல்லாத இடமாகத் தேடுவார்கள். நாங்கள் கூட்டம் தேடினோம். பகலில் வீட்டுக்காரம்மாவை ஒட்டிக்கொண்டே மாவரைப்பேன், துணி துவைப்பேன். சாயந்திரம் ஆபீஸிலிருந்து இவர் வந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ்ஸுக்கும் காத்திருக்காமல் உட்கார்ந்திருப்போம். பெரிய கோயிலில் பிரசாதம் வாங்க நிற்கும் வரிசையில், வாங்கி முடித்துவிட்டு மறுபடியும் கடைசியில் போய் நிற்போம். சினிமாவுக்குப் போனால் நல்ல படமா என்று கேட்க மாட்டோம், கூட்டமா என்று கேட்போம். எல்லாக் கட்சிப் பொதுக்கூட்டத்துக்கும் போனோம், எல்லாருக்கும் கை தட்டினோம். அந்த ஒரு கோடையில் நான் ஊர் சுற்றிய அளவுக்குப் பிறகு வாழ்நாளிலேயே சுற்றவில்லை.

வைகாசி முகூர்த்தங்கள் வந்ததும் எங்களுக்குக் கொண்டாட்டம். தெரியாதவர்கள் கல்யாணத்துக்கெல்லாம் போனோம். மண்டபத்தில் மல்லிகைப் பூவும் சாம்பாரும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்கு நடுவில் உட்கார்ந்தால் அண்ணன் நினைப்பு கொஞ்சம் கம்மியாகும். ஒரு மண்டபத்தில் யாரோ நீங்க யார் வீட்டு ஆளுங்க என்று கேட்டுவிட்டார்கள். இவர் பெண் வீடு என்றார், நான் மாப்பிள்ளை வீடு என்றேன். கேட்டவர் இதற்கு மேல் கேட்பதற்குள் பந்தியில் நிஜமான சண்டை வெடித்தது. மாப்பிள்ளையின் மாமனுக்குத் தாம்பூலம் சரியாகக் கொடுக்கவில்லையாம். நாற்காலிகள் பறந்தன, ரசவாளி ஒன்று பறந்து வந்து இவர் நெற்றியில் மோதியது. வழிந்தது ரசமா ரத்தமா என்று துடைத்துப் பார்த்துத்தான் தெரிந்தது. இரண்டும்தான். உயிருக்குப் பயந்து போன இடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்தோமே என்று நான் அழுதேன், இவர் பாயசம் சாப்பிடாமல் வந்துவிட்டோமே என்றார்.

அந்த மாதம்தான் மலையில் தீப்பிடித்தது. சாயந்திரம் ரோட்டோரம் நின்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, நாங்களும் நின்றோம். போதைப்புல் எரியும்போது எலுமிச்சை மணத்தோடு புகை வரும், கண்ணும் எரியும் மூக்குக்கும் நன்றாயிருக்கும். தீக்குத் தப்பி ஒரு முயல் கீழே ஓடி வந்தது. மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று நம்பி வந்ததோ என்னவோ, நேராகக் கூட்டத்துக்குள் வந்தது. நாலைந்து பேர் கழியால் அடித்தே கொன்றார்கள். மற்றவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கூட்டம் என்றால் என்ன என்று அன்றைக்கே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அங்கிருந்து அப்படியே சினிமாவுக்குப் போனோம்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் இவர் தத்துவத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லை. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். சந்தையில் கயிறு திரிக்கும் புளிச்ச நார் வாங்கி வந்து ஒரு கவண் பின்னினேன். கவண் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கயிறு, நடுவில் கல் வைக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை. ஒரு நுனியை விரலில் மாட்டி, மறு நுனியைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றி, பிடித்ததை விட்டால் கல் போகும். சிறுமியாக இருந்தபோது எங்கள் கம்பங்கொல்லையில் பரண் மேல் நின்று கிளி விரட்டியவள் நான். கவண் வீசச் சொல்லிக்கொடுத்தவன் அண்ணன்தான். என் மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிக் காட்டுவான். கல்லப் பாக்காத பாப்பா, கல்லு போவவேண்டிய எடத்தப் பாரு என்பான்.

கோடையில் வற்றிப்போன ஏரி ஒன்று எங்கள் அறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆடு மேய்ப்பவர்களும், துணி காயப்போடுபவர்களும், கிரிக்கெட் ஆடுபவர்களும் இருப்பதால் அங்கேயும் தனிமை பயம் இல்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் அங்கே போய், வேலிக் கல் மேல் உடைந்த பானைகளை அடுக்கிவைத்து அடிப்போம். எனக்குக் கை மறக்கவில்லை. பானை சிதறும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. அப்பாவின் கயிறு, எரிந்த புடவைகள் எல்லாம் அந்தப் பானைகளுக்குள் இருந்தன. இவருக்குக் கவண் வரவே இல்லை. முதல் கல் இவர் பின்மண்டையிலேயே பட்டது. இரண்டாவது கல் பின்பக்கமாகப் போய், காயப்போட்டிருந்த யாருடைய வேட்டியையோ கிழித்தது. அதன் பிறகு இவர் பானை அடுக்கும் வேலையோடு நிறுத்திக்கொண்டார். மாடி வெள்ளைக்காரம்மா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இது என்ன வகைத் தியானம் என்று விசாரித்தாள். இவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், குடும்பத் தியானம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். கவணை இடுப்பில் சுற்றி அதன் மேல் புடவை கட்டுவது எனக்கு வழக்கமானது. முந்தானையில் எப்போதும் இரண்டு மூன்று கூழாங்கல் முடிச்சுப் போட்டிருப்பேன்.

ஆனிப் பௌர்ணமி வந்தது. பௌர்ணமி என்றால் கிரிவலம், மலையைச் சுற்றி அத்தனை ஜனமும் நடக்கும். இவர் தத்துவத்தின்படி அதைவிடப் பத்திரமான இடம் உலகத்திலேயே கிடையாது. "அவ்ளோ ஜனத்துல நம்மள எவன் தேடிக் கண்டுபுடிப்பான்?" என்று கேட்டார். நானும் சரி என்றேன். சித்திரையிலும் வைகாசியிலும் போய்விட்டு முழுசாகத் திரும்பி வந்திருந்தோம், அந்தத் தைரியம். திருவண்ணாமலையிலேயே குடியிருந்துகொண்டு நாங்கள் செய்த தப்பு இருக்கிறதே, அதை வெளியூர்க்காரன்கூடச் செய்ய மாட்டான். கிரிவலத்தில் யாரையும் தேட வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் போகிறார்கள். ரோட்டோரம் ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டால் போதும், ஊர் முழுக்க ஒவ்வொருவராக உங்கள் முன்னால் வந்துதான் தீர வேண்டும்.

அண்ணன் மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில் ரோட்டோரத்து ஒரு கரும்புச்சாறுக் கடையில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் வெயில் தாழக் கிளம்பி அங்கே வரும்போது நிலா அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. தார் ரோட்டுச் சூடு வெறும் பாதத்தில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கற்பூரமும் கரும்புச்சாறும் மணத்தன. இவர் என்னவோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டு வந்தார், என்னவென்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. எல்லாரும் ஒரு பக்கம் போக, ஒருத்தன் மட்டும் எதிரே வந்தான். கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டு கீழே விழுந்தபோதுதான் கொடுவாளைப் பார்த்தேன்.

கழுத்துக்கு வந்த வெட்டு. இவர் இடது கையைத் தூக்கியதால் கையோடு போயிற்று. சுண்டு விரலும் மோதிர விரலும் ரோட்டில் விழுந்தன. இவர் கத்தவில்லை. அந்த விரல்களைக் குனிந்து எடுக்கப் போனார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கூட்டம் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? நாங்கள் அந்தக் கோடை முழுக்க நம்பியிருந்த கூட்டம் அப்படியே பின்வாங்கி, எங்களை நடுவில் விட்டு வட்டமாக நின்றது. கல்யாணமாகி முதல் தடவையாக நாங்கள் தனியாக இருந்தோம்.

கவண் சுழற்ற இடம் வேண்டும். அந்தக் கூட்டம் எனக்கு அதை மட்டும் கொடுத்தது. பின்பக்கமாகவே நாலைந்து அடி நடந்தேன், இடுப்பிலிருந்து கவண் வந்தது, முந்தானையிலிருந்து கல் வந்தது. தலைக்கு மேல் சுழலும் சத்தம் கேட்டு அண்ணன் திரும்பினான். அந்தச் சத்தம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"பாப்பா, கல்லக் கீழ போடு."

"நீ கத்தியப் போடுண்ணா."

சிரித்தான். எனக்கேவா என்பது மாதிரி ஒரு சிரிப்பு. மறுபடி அந்தப் பக்கம் திரும்பி, குனிந்திருந்த இவர் முதுகுக்கு நேராகக் கையை ஓங்கினான், ஓங்கிக்கொண்டே இடது தோளுக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தான். நான் கல்லைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தேன். பானை உடையும் சத்தமே வேறு, இது வேறு சத்தம். கொடுவாளை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. இடது கண். கையில் இன்னும் ஒரு கல் இருந்தது. அவன் எழுந்திருந்தால் அதையும் விட்டிருப்பேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. வட்டத்திலிருந்து ஓர் அம்மா மட்டும் முன்னால் வந்து, சாமி சுத்துற எடத்துல இப்படி ரத்தம் சிந்தலாமா என்று எங்கள் எல்லாரையும் பொதுவாகத் திட்டிவிட்டு, நடையைத் தொடர்ந்தாள்.

இவரை யாரோ ஒரு வேன்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். புடவைத் தலைப்பைக் கிழித்துக் கையில் கட்டியிருந்தேன், வேன் முழுக்க ரத்தம். கொஞ்ச நேரத்தில் அண்ணனையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். வேறு எங்கே போவது? எங்கள் ஊரில் வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே வார்டில் படுப்பது புதுசில்லை. எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு இவர், கரும்புச்சாறு மிஷினில் கை மாட்டிக்கொண்டது என்றார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் மாடு முட்டியது என்று சொல்வது கேட்டது. நர்ஸம்மா கட்டுப் போட்டுக்கொண்டே, "இன்னாம்மா, ஊர்ல மாடும் மிஷினும் சேந்துக்கினு கெளம்பிடுச்சா?" என்றாள். ஏன் பொய் சொன்னீங்க என்று இவரிடம் கேட்டேன். அவன் வெட்டுனதுக்கு நான் சாட்சி சொன்னா, அவன் கண்ணுக்கு நீ பதில் சொல்லணுமே என்றார். விரல் போன வலியிலும் அந்தக் கணக்குப் போட்ட மனுஷனை நான் என்ன சொல்ல?

இவரை டைப்பிலிருந்து எடுத்துத் தபால் பிரிவில் போட்டார்கள். மெஷின் சத்தம் கேட்டால் கொஞ்ச நாள் முகம் சுருங்கிப்போகும். சில வருஷத்தில் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அங்கே எல்லாரும் ஒரு விரலால் தேடித் தேடித் தட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, "நான்தான் அவசரப்பட்டுட்டேன், எட்டு விரலே ஜாஸ்தி" என்றார். நான் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. மகள் பிறந்தபோது அம்மா மட்டும் ரகசியமாக வந்தாள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். "உங்கப்பா ஆள் அனுப்பறேன்னுதான் குதிச்சாரு. அவன்தான், 'அவள யாரும் ஒண்ணும் செய்யக்கூடாது, அவளுக்குக் கத்துக்குடுத்தவன் நான்'னு சொல்லிட்டு ரெண்டு நாளு சாப்டாம கெடந்தான்டி."  குழந்தை மட்டும் அவள் மடியில் இல்லாதிருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன், கத்துக்கொடுத்தவன் கத்தியோடு எதற்கு வந்தான் என்று.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் தண்ணீர்ப் பந்தல் போடலாம் என்று இவர் ஆரம்பித்தார். அதுவும் அதே இடத்தில். பைத்தியமா உங்களுக்கு என்றேன். அந்த இடத்தைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் தலை குனிய வேண்டியிருக்கிறது, அங்கேயே நின்று பழகிவிட்டால் சரியாகிவிடும் என்றார். இவர் தத்துவங்கள் உங்களுக்குத்தான் தெரியுமே. ஆனால் இது பலித்தது. மேஜை போட்டு, அண்டாவில் தண்ணீர் வைத்து, நான் மொண்டு ஊற்ற, இவர் எட்டு விரலால் டம்ளர் கழுவுவார். கிரிவலம் போகிறவர்களுக்கு மலை வலது பக்கம், நாங்கள் இடது பக்கம்.

அப்படி ஒரு பௌர்ணமியில் அண்ணன் வந்தான். நரைத்துப்போய், வெறும் உடம்பில் துண்டோடு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்து எங்கள் மேஜை முன்னால் நின்றான். அவன் இடது பக்கம்தான் எங்கள் பக்கம், கண் இல்லாத பக்கம். என் கை இடுப்புக்குப் போயிற்று, அங்கே கவண் இல்லை. இவர் டம்ளரோடு அப்படியே நின்றார். அண்ணன் முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டினான். ஊற்றினேன். குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றான். ஊற்றினேன். டம்ளரை வைத்துவிட்டுப் போனான். யாரோ ஒரு பந்தல்காரி என்று நினைத்தானா, தெரிந்துதான் வந்தானா, எனக்குத் தெரியாது. அடுத்த பௌர்ணமிக்கும் வந்தான். அதற்கடுத்ததற்கும். எங்களுக்கு முன்னால் எத்தனையோ பந்தல் உண்டு, எங்கேயும் நிற்காமல் எங்களிடம்தான் தண்ணீர் குடிப்பான். ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை. நானும் அண்ணா என்று கூப்பிடவில்லை. என் கோபம் தீரவில்லை. அவன் தாகத்துக்கு ஊற்றினேன், அவ்வளவுதான் என்று இவரிடம் சொல்வேன். இவர் சரி சரி என்பார்.

அந்த ஏரியில் இப்போது லாட்ஜ் நிற்கிறது. எங்கள் அறை இருந்த இடத்தில் வெள்ளைக்காரர்களுக்குக் காப்பிக் கடை. நாங்கள் சாப்பிட்ட கல்யாண மண்டபத்தை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள், கரும்புச்சாறுக் கடையை ரோடு அகலமாக்கியபோது எடுத்தாகிவிட்டது. இதெல்லாம் போனதற்கு நான் ஒன்றும் மூக்கைச் சிந்தவில்லை, போகட்டும்.

ஒரு தைப் பௌர்ணமிக்கு அண்ணன் வரவில்லை. மாசியில் தகவல் வந்தது. நெஞ்சுவலியாம், எடுத்து எரித்துப் பதினாறாம் நாளும் முடிந்திருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான் அன்று அழவில்லை, குளித்துவிட்டுச் சோறு வடித்தேன். ஆனால் பௌர்ணமிதோறும் இன்றைக்கும் போய் அங்கே நிற்கிறேன். எங்களைத் தேட அவனுக்கு அன்று அலைய வேண்டியிருக்கவில்லை, ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்ததே போதுமானதாக இருந்தது. நானும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். எல்லாரும் என் முன்னால் வந்துதான் போகிறார்கள். ஒவ்வொரு இடது கண்ணாகப் பார்த்துக்கொண்டே ஊற்றுகிறேன். "டம்ளரு நெறஞ்சி வழியுதும்மா" என்று இவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.